வித்வான் கழிவுக்குழாய்

ஃபோன்ஸ் வாழ்க்கையில் எதிலும் முதலாவதாக வந்ததில்லை. முப்பது வருடம் பஸ் ஓட்டினார். எல்லோருக்கும் முன்னால் ஏறினார், எல்லோருக்கும் பின்னால் இறங்கினார், நடுவில் ஒரு ஆள்கூடக் கை தட்டவில்லை. ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் மனைவி லீன், "என் காலையே சுத்திக்கிட்டு நிக்காதே. ஏதாவது பொழுதுபோக்கைத் தேடிக்கோ" என்று சொல்லிவிட்டாள். பக்கத்து வீட்டு லோடே இரக்கப்பட்டு ஒரு மஞ்சள் கேனரிப் பறவைக் குஞ்சைக் கொடுத்தார். குஞ்சோடு இன்னொன்றையும் கொடுத்தார்: வீர்டைக் ஊர் நீர்ப்பாட்டுக் கேனரிச் சங்கத்தின் உறுப்பினர் அட்டை. லோடே அந்தச் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் ஆள் குறைந்துகொண்டே வந்தது.

வீர்டைக் பக்கத்துக் கேனரிகள் மற்ற ஊர்க் கேனரிகளைப் போல விசிலடிப்பதில்லை. தொண்டைக்குள் தண்ணீர் ஓடுவது மாதிரி பாடும். உருளும் தண்ணீர், கொதிக்கும் தண்ணீர், சொட்டும் தண்ணீர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். குஞ்சு தன் முதல் இலையுதிர்காலத்தில் என்ன கேட்கிறதோ அதைத்தான் ஆயுள் முழுக்கப் பாடும். ஆகையால் சங்கத்துக்காரர்கள் குஞ்சுகளை இருட்டுக் கூண்டில் அடைத்து, காலில் சங்க வளையம் போட்ட ஒரு கிழட்டு ஆசிரியப் பறவைக்குப் பக்கத்தில் வைத்துப் பாடம் கேட்கவிடுவார்கள்.

ஃபோன்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று சமையலறை சிங்குக்கு மேலே கூண்டை மாட்டினார். குஞ்சுக்குப் பிர்க் என்று பெயர் வைத்தார்.

அந்த சிங்க் போன குளிர்காலத்திலிருந்தே அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றினால் கொஞ்ச நேரம் யோசிக்கும். பிறகு 'க்ளுப்... க்ளுப்... க்ளுளுளுளு...' என்று முனகிக்கொண்டே இறங்கும். லீன் ஒவ்வொரு வாரமும் சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள். ஃபோன்ஸ் ஒவ்வொரு வாரமும் கூடத்திலிருந்து பதில் சொல்வார்: "நாளைக்குப் பிளம்பரைக் கூப்பிடறேன்."

ஜனவரியில் போட்டி. மாதாகோவிலுக்குப் பின்னால் இருந்த கூடத்தின் வாசலிலேயே எல்லோருடைய செருப்பையும் ஷூவையும் கழற்றி வாங்கிவிட்டார்கள். தோல் கிறீச்சிடுமாம். ஒரு தொண்டர் ஒவ்வொருவரையும் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி முழங்காலில் காது வைத்துக் கேட்டார். மூட்டு சொடுக்குகிறவர்களுக்குக் கடைசி வரிசை. ஃபோன்ஸும் லீனும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு நீல அட்டை கையில் திணிக்கப்பட்டது.

"இது எதுக்குய்யா?" என்று ஃபோன்ஸ் கேட்டார்.

"ஷ்ஷ்! இருமல் வந்தா அட்டையைத் தூக்கு" என்றார் லோடே, உதட்டை மட்டும் அசைத்து. "தொண்டர் வந்து வெளியே கூட்டிட்டுப் போவார். அங்க போய் இருமிக்கோ."

"தும்மல் வந்தா?"

"தும்மலுக்கு விதியில இடமில்லை."

சங்கத் தலைவர் ஆர்சேன் தெ கோமன் எழுந்தார். பெரிய உருவம், அதைவிடப் பெரிய மீசை.

"அன்பர்களே! நம்ம சங்கத்தோட உயிர்மூச்சு மௌனம். மௌனத்தைப் பத்திப் பேசவே கூடாது. ஏன் பேசக்கூடாதுங்கறதை மட்டும் நாலு வார்த்தையில சொல்லிட்டு உட்கார்ந்துடறேன்."

நாலு வார்த்தை முடிவதற்குள் கணப்பில் இரண்டு தடவை நிலக்கரி போட்டாயிற்று. நடுவில் ஒரு கேனரி, தலைவர் மூச்சு வாங்கிய இடைவெளியைத் தன் முறை என்று நினைத்து அழகாகப் பாட ஆரம்பித்தது. தலைவர் விரலை நீட்டினார். "தலைவர் பேசறப்ப குறுக்கே பாடறது ஒழுக்கக்கேடு. இந்தப் பறவை போட்டியிலேர்ந்து நீக்கம்." அந்தப் பறவையின் சொந்தக்காரர் எழுந்து நின்று பறவையின் சார்பில் மன்னிப்புக் கேட்டார், சைகையால்.

பிறகு கூண்டுகளின் முன்பக்கத்தை மறைத்திருந்த மரக்கதவுகளைத் திறந்தார்கள். தலைமை நடுவர் ஸ்கெல்டமன் பென்சிலை எடுத்தார். முன்வரிசைச் சாய்வு நாற்காலியில் தலைவர் கண்ணை மூடினார்.

"தூங்கறாரா?" என்றாள் லீன்.

லோடே பதறிப்போனார். "கண்ணை மூடினாத்தான் அவருக்கு ஆழம் தெரியும்."

சற்று நேரத்தில் கூடத்தில் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் உருண்டு, மூக்கு வழியாக ஏறி, 'ஹூஊஊ' என்று விசிலாக முடிந்தது. எல்லோரும் மரியாதையாகக் கணப்பு அடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரின் மனைவி ஜெர்மேன் அம்மாள் மட்டும் பார்க்கவில்லை. இரண்டு பின்னல் ஊசிகள் உரசினால் சத்தம் வருமென்று விதி இருந்ததால் அவர் ஒற்றை ஊசியோடுதான் வந்திருந்தார். அதைக் கொண்டு கணவரின் விலாவில் ஒரு குத்துக் குத்தினார். கணப்பு நின்றுவிட்டது.

பிர்க்கின் முறை வந்தது. கழுத்தை உப்பிக்கொண்டு, 'க்ளுப்... க்ளுப்... க்ளுளுளுளு...'

ஸ்கெல்டமன் பென்சிலைக் கீழே வைத்தார். பாட்டு முடிந்தபோது அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இதுல ஆறு இருக்கு. என் தாத்தா காலத்து ஆறு. இவ்வளவு ஆழம் இந்தக் கூடத்துல கேட்டதே இல்ல" என்றார்.

முதல் பரிசு. ஃபோன்ஸ் கையில் ஒரு வெள்ளிக் கோப்பை. கூடம் கை தட்டியது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல். ஆனாலும் கைதட்டல் கைதட்டல்தான். ஃபோன்ஸின் காது சிவந்தது.

"பறவைக்கு ஆசிரியர் யாரு?" என்று தலைவர் பெருமையோடு கேட்டார்.

ஃபோன்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "எங்க சமையல்கட்டு சிங்குங்க" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தக் கூடத்தில் உண்மையான மௌனம் நிலவியது.

விஷயம் சிக்கலாகிவிட்டது. வளையம் போடாத ஆசிரியரிடம் படித்த பறவை பரிசு வாங்க முடியாது. ஆனால் தலைமை நடுவர் எல்லோர் முன்னிலையிலும் அழுதுவிட்டார். அழுதது தவறு என்று சொல்ல விதியில்லை. ஆகவே விசாரணைக் குழு ஒன்று ஃபோன்ஸின் வீட்டுக்கு வந்தது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு சிங்கைச் சுற்றி நின்றது.

லீன் உருளைக்கிழங்கு வேகவைத்த தண்ணீரை ஊற்றினாள். 'க்ளுப்... க்ளுப்...'

"ஆஹா" என்றார் தலைவர். "இன்னொரு தடவை ஊத்துங்கம்மா."

"இருந்த கிழங்கே அவ்வளவுதான்" என்றாள் லீன்.

ஸ்கெல்டமன் மதிப்பெண் போட்டார். உருள்வதற்கு முழு மதிப்பெண், கொதிப்புக்கு முழு மதிப்பெண். கடைசியில் மட்டும் கொஞ்சம் குறைத்தார். "இறங்கி முடியற இடத்துல லேசா மூக்கால பாடுது. மூக்குச் சத்தம் நம்ம சங்கத்துல மன்னிக்க முடியாத குத்தம். ஆனா முதல் தடவைங்கறதால விட்டுடலாம்."

இனி வளையம். குஞ்சு பொரித்த முதல் வாரத்துக்குள் வளையம் மாட்ட வேண்டும் என்பது விதி. "குழாய் எப்பப் பொரிச்சது?" என்று லோடே கேட்டார்.

"வீடு கட்டினப்பவே இருந்ததுங்க" என்றார் ஃபோன்ஸ்.

தலைவர்தான் வழி கண்டார். "சங்கம் ஒருத்தரை அங்கீகரிக்கிற வரைக்கும் அவர் பிறந்ததா அர்த்தமில்ல. அதனால இந்தக் குழாய் இன்னிக்குத்தான் பிறந்தது." கொல்லரிடம் சொல்லிச் செய்த பித்தளை வளையத்தைக் கழிவுக்குழாயின் வளைவில் மாட்டி, சிவப்பு அரக்கால் முத்திரை வைத்தார்கள். சுவரில் ஒரு பலகை ஏறியது: 'சங்க ஆசிரியர். பழுதுபார்க்கக் கூடாது.'

"அப்ப பிளம்பர்?" என்றாள் லீன்.

"அம்மா! வித்வானோட தொண்டையை யாராவது கம்பி விட்டுக் குத்துவாங்களா?"

லீன் கணவனைப் பார்த்தாள். ஃபோன்ஸ் கோப்பையைப் பார்த்தார்.

அந்த வருடம் ஃபோன்ஸுக்கு ராஜயோகம். பீர்க் கடையில் அவர் நுழைந்தால் நாலு பேர் நாற்காலியை நகர்த்தினார்கள். "என்ன ஃபோன்ஸ், குழாய் சௌக்கியமா?" என்று பாதிரியார்கூட விசாரித்தார். குழாய் சௌக்கியமாக இல்லை. நாளுக்கு நாள் அடைப்பு இறுகியது. லீன் தட்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறி, குளியல் தொட்டியில் முட்டி போட்டுக் கழுவினாள். குளிக்கப் போகும்போது ஃபோன்ஸின் முதுகில் முள்கரண்டி குத்தும். "வித்வான்கிட்ட சொல்லு" என்பாள் லீன்.

இலையுதிர்காலம் வந்தது. சங்கத்தின் அத்தனை குஞ்சுகளும் ஃபோன்ஸின் சமையலறைக்கு வந்தன. அடுப்பு மேலே, அலமாரி மேலே, ரொட்டிப் பெட்டி மேலே, எங்கே பார்த்தாலும் துணி போர்த்திய கூண்டுகள். குஞ்சுகள் தப்பான சத்தம் எதையும் கற்றுவிடக் கூடாதே! அதனால் சமையலறையில் பொரிக்கக் கூடாது, வறுக்கக் கூடாது, வெங்காயம் நறுக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. வீட்டுக்காரி மணிக்கொரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு நுனிக்காலில் வெளியேற வேண்டும்.

இதையெல்லாம் கண்காணிக்கத் தலைவரே தினமும் மதியச் சாப்பாடு முடித்து வந்தார். வீட்டுக் கூடத்திலிருந்து ஃபோன்ஸின் சாய்வு நாற்காலியைச் சமையலறைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். ஷூவைக் கழற்றினார். கண்ணை மூடினார். ஆழம் கேட்க ஆரம்பித்தார்.

ஒரு நாள் லீன் ஃபோன்ஸைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பேசுவதற்கு அந்த வீட்டில் அது ஒன்றுதான் மிச்சமிருந்த இடம்.

"என் வீட்டுல வெங்காயம் நறுக்கி எத்தனை நாளாச்சு தெரியுமா? தோட்டத்துல குடையைப் பிடிச்சுக்கிட்டு சூப் வைக்கறேன். ஒரு ஆள் என் அடுப்படியில சாக்ஸோட கிடக்கான். அவன் யாரு, எனக்கு மாமனாரா?"

"லீன், மெதுவாப் பேசு. வித்வானுக்குக் கேட்கும்..."

"வெள்ளிக்கிழமைக்குள்ள இந்த சிங்க் ஓடணும். இல்லேன்னா நான் ஆஸ்டெண்டுக்கு என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன். திரும்பி வர மாட்டேன். நீயும் உன் கோப்பையும் குழாயும் குடும்பம் நடத்துங்க."

"சங்கத்துல என்ன சொல்வாங்க?"

"சங்கமா உனக்குச் சட்டை துவைக்குது?"

ஃபோன்ஸ் வியாழக்கிழமை முழுக்க யோசித்தார். யோசிக்க யோசிக்கக் கோப்பை பளபளத்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லீனின் பெட்டி வாசல் கதவோரம் நின்றது. கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அவள் சமையலறைக்குள் வந்தாள். கையில் ரயில் டிக்கெட் இல்லை, ஸ்பேனர் இருந்தது. தலைவர் சாய்வு நாற்காலியில் 'கர்ர்ர்... ஹூஊஊ' என்று ஆழத்தில் இருந்தார். லீன் ஃபோன்ஸைப் பார்த்தாள், ஸ்பேனரைக் காட்டினாள், பெட்டி இருந்த பக்கம் தலையை ஆட்டினாள். இனி உன் பாடு என்று அர்த்தம்.

தலைவரின் தோளைத் தொட்டு எழுப்பினால் போதும். கோப்பை நிலைக்கும், பீர்க் கடை நாற்காலி நிலைக்கும். ஃபோன்ஸின் கை தலைவரின் தோள் வரைக்கும் போய்விட்டது. தலைவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் சாய்ந்திருந்தது ஃபோன்ஸின் நாற்காலி. மடியில் போர்த்தியிருந்தது லீன் பின்னிய போர்வை.

ஃபோன்ஸ் கையை இழுத்துக்கொண்டார். வாளியை எடுத்தார். ஷூவைக் கழற்றிவிட்டு, சிங்குக்கு அடியில் தவழ்ந்து போய் அதைக் குழாய்க்குக் கீழே பிடித்தார்.

லீன் கத்தரிக்கோலால் முத்திரையை நறுக்கினாள். வளையத்தை நகர்த்தினாள். ஸ்பேனர் ஒரு சுற்று, இரண்டு சுற்று. கறுப்புத் தண்ணீர் வாளிக்குள் 'பொளக்' என்று கொட்டியது. இருவரும் மூச்சைப் பிடித்தார்கள். தலைவர் ஒரு முறை குரட்டையை நிறுத்தி, உதட்டைச் சப்புக்கொட்டி, முன்பைவிட உரக்கத் தொடர்ந்தார்.

கடைசியாக வளைவிலிருந்து ஏதோ 'டிங்' என்று வாளியில் விழுந்தது. லீன் விரலை விட்டு எடுத்தாள். ஒரு சிப்பி ஓடு. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் சிப்பி சமைத்த அன்றைக்குத் தப்பி ஓடியது.

"இந்தா, உன் வித்வான்" என்று காதோடு சொன்னாள்.

குழாயைப் பழையபடி மாட்டி, பாலாடைக்கட்டி மேல் பூசியிருந்த சிவப்பு மெழுகை உருட்டி முத்திரை வைத்துவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போனது.

தலைவர் கண் விழித்தார். "அடடா! இன்னிக்குப் பாடின மாதிரி என்னிக்கும் பாடல!"

"கேட்டீங்களா தலைவரே?" என்றாள் லீன்.

"கண்ணை மூடினா காது மூடிக்குமாம்மா?"

லீன் கோட்டைக் கழற்றி மாட்டினாள். அன்றிலிருந்து பருவம் முடியும் வரை அந்தச் சமையலறையில் சிங்க் வாய் திறக்கவில்லை. பிர்க்கின் கூண்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பட்டம் வாங்கியவருக்கு ஓய்வு தேவை என்று விதி. குஞ்சுகள் துணிக்கு அடியில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தன. மதியந்தோறும் தலைவர் வந்தார்.

மறு ஜனவரி. கூடம் நிரம்பி வழிந்தது. பக்கத்து ஊர்ச் சங்கங்கள்கூட வந்திருந்தன. தலைவர் எழுந்தார்.

"அன்பர்களே! சில பேர் கேட்கறாங்க, இந்த நிர்வாகம் என்ன செஞ்சுதுன்னு. நான் மார்தட்டிச் சொல்றேன்: ஒரு துரும்பைக்கூட நாங்க அசைக்கல! எங்கே ஏதாவது அசைஞ்சுடுமோன்னு நானே பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டேன். இந்தக் குஞ்சுகள் பாடப்போற ஒவ்வொரு ஸ்வரத்திலும் என் உழைப்பு இருக்கு!"

முதல் கூண்டு திறந்தது. குஞ்சு கழுத்தை உப்பியது.

'கர்ர்ர்... ஹூஊஊ.'

ஸ்கெல்டமனின் பென்சில் நின்றது. இரண்டாவது கூண்டு. 'கர்ர்ர்... ஹூஊஊ.' மூன்றாவது குஞ்சு கடைசியில் சப்புக்கூடக் கொட்டியது. மூக்குச் சத்தம், சந்தேகமில்லாமல் மூக்குச் சத்தம். விதிப்படி அத்தனை பறவைகளையும் வெளியேற்ற வேண்டும். ஆனால் அத்தனையும் சங்க ஆசிரியரின் மாணவர்கள், தலைவரின் நேரடிக் கண்காணிப்பில் படித்தவர்கள். நடுவர்கள் கோட்டு மாட்டும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நெற்றியைத் துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

"இது மூக்குச் சத்தமில்ல" என்று ஸ்கெல்டமன் அறிவித்தார். "இது புது வகை. இதுக்கு 'ஆழ்மூச்சு'ன்னு பேர் வைக்கறோம். இருக்கறதுலேயே அதிக மதிப்பெண் இனிமே இதுக்குத்தான்."

தலைவர் நெஞ்சில் கை வைத்தார். "எனக்கு என்னமோ, ரொம்ப நெருக்கமான ஒருத்தர் பாடற மாதிரி இருக்கு" என்றார்.

கடைசியாக, போன வருட வெற்றியாளர் பிர்க். 'க்ளுப்... க்ளுப்... க்ளுளுளுளு...' போன வருடம் பாடிய அதே பாட்டு, அதே ஆறு. ஸ்கெல்டமன் ஃபோன்ஸின் கண்ணைப் பார்க்காமல் வாசித்தார்: "ஆசிரியர் வழியிலேர்ந்து விலகிப் பாடுது. தகுதி நீக்கம். கோப்பையைத் திருப்பித் தரணும்."

ஃபோன்ஸ் கோப்பையைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். வைத்த சத்தத்துக்காக ஒரு எச்சரிக்கையும் வாங்கிக்கொண்டார்.

அப்போது முன்வரிசையில் ஜெர்மேன் அம்மாள் எழுந்தார். ஒற்றை ஊசியைக் கூண்டுகளின் பக்கம் நீட்டினார்.

"ஆர்சேன், இது நீதான்யா."

"என்னது?"

"கல்யாணமான நாள்லேர்ந்து என் தலையணைக்குப் பக்கத்துல இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். எனக்கு ஒருத்தரும் கோப்பை குடுக்கல!"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதே! கன்னங்கள் உப்பின, தோள்கள் குலுங்கின, கண்ணில் நீர் கோத்தது. ஒரு நீல அட்டை உயர்ந்தது. அப்புறம் பத்து. அப்புறம் கூடம் முழுக்க நீலம். லீன் தன் அட்டையை ஒரு கையிலும் ஃபோன்ஸின் அட்டையை இன்னொரு கையிலும் தூக்கிப் பிடித்திருந்தாள். தொண்டர்கள் யாரை முதலில் வெளியே அழைத்துப் போவது என்று தெரியாமல் நடைபாதையில் முட்டிக்கொண்டார்கள்.

தலைவர் அந்த நீலக் கடலைப் பார்த்தார். மீசையைத் தடவினார்.

"எழுதிக்கோ லோடே" என்றார். "ஆழ்மூச்சு, ஏகமனதாக நிறைவேறியது."

அன்று சாயங்காலம் லீன் வெங்காயம் நறுக்கினாள், சத்தமாக. சிப்பி வேகவைத்தாள். உருளைக்கிழங்கை இரண்டு தடவை எண்ணெயில் போட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று பொரித்தாள். கோப்பை இருந்த இடத்தில் அந்தச் சிப்பி ஓடு உட்கார்ந்திருந்தது. ஃபோன்ஸ் கூடத்தில், திரும்பி வந்த தன் நாற்காலியில், பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

சாப்பாடு முடிந்து லீன் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சிங்கில் ஊற்றினாள். அது சத்தமில்லாமல் இறங்கிப் போனது. சிங்குக்கு மேலே, பழைய இடத்துக்கே திரும்பி வந்திருந்த கூண்டில் பிர்க் தலையைச் சாய்த்துப் பார்த்தது. எதையோ காணோமே என்று ஒரு கணம் காத்திருந்தது. பிறகு கழுத்தை உப்பிக்கொண்டு தானே பாடியது.

'க்ளுப்... க்ளுப்... க்ளுளுளுளு...'

பேப்பரைத் தாழ்த்தாமலே கூடத்திலிருந்து ஃபோன்ஸ் குரல் கொடுத்தார்: "நாளைக்குப் பிளம்பரைக் கூப்பிடறேன்!"